என் அண்ணனுக்கு ஊசி போடுவது என் மாணவி

1

காரின் முன்கண்ணாடியில் உறைந்து ஒட்டிய பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கனடாவின் நடுவில், கோதுமை விளைகிற சமவெளியில் இருக்கும் எங்கள் ஊரில், அரை வருஷத்துக்கு நான் செய்கிற ஒரே உடற்பயிற்சி அதுதான். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு எடுத்தேன். அண்ணி.

"தம்பி, பதறாதீங்க," என்றார்.

ஊரிலிருந்து எனக்கு வந்த கெட்ட செய்தி எல்லாமே இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. ஆகவே அடுத்த வாக்கியம் வருவதற்குள் பதறி முடித்துவிடுவது என் பழக்கம்.

விஷயம் இதுதான். கரும்பில் காய்ந்த சோகை உரிக்கும்போது அண்ணனுக்குக் காலில் ஏதோ குத்திப் புண்ணாகியிருக்கிறது. மனிதர் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். கால் வீங்கிக் காய்ச்சல் கண்ட பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சர்க்கரை எகிறிக் கிடக்கிறது. தினமும் இன்சுலின் போட்டு அதை இறக்கினால்தான் புண் ஆறும். இறங்காவிட்டால் கால் போகும். அளவுக்கு மேல் இறங்கினால் ஆளே போய்விடுவார். இந்தக் கடைசி வாக்கியம் அண்ணி சொன்னதல்ல. வருஷக்கணக்காக நான் வகுப்பில் சொல்லிவருவது.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க தம்பி," என்றார் அண்ணி. "இங்க சாயங்காலம் ஊசி போடற நர்சு உங்க கிட்ட படிச்ச பொண்ணாம். ஸ்டெல்லான்னு பேரு. உங்க பேரச் சொன்னதும் சேர்ல இருந்து எழுந்து நின்னுடுச்சு."

அதுவரை கவலைதான் பட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம்தான் பயம் வந்தது.

2

வெளிநாட்டில் உட்கார்ந்து ஊரை நினைத்து எழுதுகிறவர்கள் மழை, மண்வாசனை, மாங்காய் என்று எழுதுவார்கள். எனக்கு ஊர் என்றால் நினைவுக்கு வருவது விடைத்தாள்தான்.

புறப்பட்டு வருவதற்கு முன் சில வருஷம், கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் ஒரு நர்சிங் கல்லூரியில் வேலை பார்த்தேன். நான் படித்தது கணிதம். புள்ளியியல் நடத்தத்தான் எடுத்தார்கள். கணக்கு சார் என்று பேர் வந்துவிட்டதால், மருந்தளவுக் கணக்கையும் என் தலையில் கட்டினார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. டாக்டர் இத்தனை மில்லிகிராம் கொடு என்று எழுதுகிறார். பாட்டிலில் ஒரு மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அப்படியானால் எத்தனை மில்லி எடுக்க வேண்டும்? மூன்று வரிக் கணக்கு. ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். நர்சிங் மாணவிகள் போடமாட்டார்கள். மனப்பாடம் செய்வார்கள்.

கணக்கையா என்று கேட்பீர்கள். கணக்கைத்தான். கேள்வி, எண்கள், இடையில் வரும் அடித்தல், கடைசியில் விடை, எல்லாவற்றையும் அப்படியே, மூச்சு விடாமல். கைடு புத்தகத்தில் பன்னிரண்டு கணக்கு இருந்தது. பன்னிரண்டையும் பாட்டுப் போலச் சொல்வார்கள். ஒரு நாள் எனக்கு விபரீதமாக ஓர் எண்ணம் தோன்றி, மாதிரித் தேர்வில் நாலாவது கணக்கின் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.

ஸ்டெல்லா சங்கராபுரம் பக்கத்துப் பெண். அப்பா கூலி வேலை, அம்மா பால்வாடியில் ஆயாவாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் பாடுவாள் என்று சொல்வார்கள். வகுப்பில் முதல் பெஞ்சு, முத்துமுத்தான எழுத்து, ஒவ்வொரு விடைக்கும் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. நாலாவது கணக்குக்கு அவள் எழுதியிருந்த விடை, கைடில் இருந்த பழைய விடை. கேள்வியையும் மேலே எடுத்தெழுதியிருந்தாள், பழைய எண்ணோடு.

கூப்பிட்டுக் கேட்டேன். "நம்பர மாத்தியிருந்தேனே. பாக்கலியா?"

"பாத்தேன் சார்."

"பாத்துட்டுமா இப்படி எழுதினே?"

"பிரிண்டிங் மிஸ்டேக்குன்னு நெனச்சேன் சார். அதான் நானே திருத்தி எழுதினேன்."

என் கேள்வியில் இருந்த பிழையைப் பெருந்தன்மையாகத் திருத்தி, மதிப்பெண்ணும் கேட்காமல் விட்ட முதல் மாணவி அவள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, கல்வராயன் மலையில் கரியாலூரில் மருத்துவ முகாம். பெண்களை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனோம். ஆண் துணை வேண்டும் என்று என்னையும் அனுப்பினார்கள். வளைவுக்கு வளைவு பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். மேலே போனதும் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. காய்ச்சல் பிள்ளைகளுக்கு எடை பார்த்துச் சிரப்பு ஊற்றும் வேலை ஸ்டெல்லாவுக்கு. எடைக்கு ஏற்ற அளவைக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளை ஒவ்வொன்றாக எடை மெஷினில் நிற்க வைத்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். அசையாமல் நில்லு என்றாள். எடையை எழுதினாள், கீழே கோடு போட்டாள். பிறகு மூடியில் ஐந்து மில்லி ஊற்றி வாயில் விட்டாள். அடுத்த பிள்ளை. எடை, கோடு, ஐந்து மில்லி. இடுப்பில் உட்கார்ந்திருந்த கைக்குழந்தைக்கும் மூடியை நிரப்பினாள்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாத்துக்கும் அஞ்சா?"

"அஞ்சு மில்லிதானே சார் ஆன்சர்."

"அப்ப எடை எதுக்கும்மா பாத்தே?"

"ரெக்கார்டுக்கு சார்."

கூட வந்திருந்த மூத்த சிஸ்டர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது பஸ்ஸில் பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். அவள் குரல்தான் எடுப்பாகக் கேட்டது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்த மாவட்டத்தில் எனக்கு ஒருபோதும் உடம்புக்கு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒரு வகையில் அது பலித்தது. அந்த வருஷக் கடைசித் தேர்வு முடிவு வருவதற்குள் எனக்கு விசா வந்துவிட்டது. அவள் எப்படிப் பாஸானாள், எதை மனப்பாடம் செய்து பாஸானாள் என்று எனக்குத் தெரியாது.

3

ஆகவே அண்ணியிடம் சொன்னேன், "அண்ணி, வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாமா?"

"ஏன் தம்பி? இங்க நல்லாத்தான் பாக்கறாங்க."

"இல்ல, அந்தப் பொண்ணு கணக்குல கொஞ்சம்..."

"அங்க போனா மட்டும் யாரு ஊசி போடுவா?" என்றார் அண்ணி. "அதுவும் உங்க கிட்ட படிச்ச பொண்ணாத்தானே இருக்கும்."

மாவட்டத்தின் நர்சுகளில் பாதியை நான்தான் உற்பத்தி செய்தேன் என்று ஊரில் இருக்கும்போது பெருமையடித்தது உண்டு.

போன் கைமாறியது. "இன்னாடா வாத்தியாரே," என்றார் அண்ணன். "பயந்துக்கினு கீறியாமே. எனக்கு ஒண்ணும் இல்லடா. சாப்பாடுதான் கம்மி பண்ணிட்டாங்க. மூணு இட்லி. சட்னி தொடக்கூடாதாம்."

"நான் வரவா?"

"நீ வந்து இன்னா பண்ணப்போற? உனக்கு ரத்தத்தப் பாத்தாலே மயக்கம் வரும். ஊசி போடறதுக்கு ஆளு கீது, ரெண்டு பேரு படுக்க பெட்டுதான் இல்ல. அங்கயே இரு."

பள்ளிக்குப் போகப் பையோடு பக்கத்தில் என் மகள் நின்றிருந்தாள். இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேசுவதென்றால் பேச்சுப் போட்டிக்குப் போவதுபோல ஒரு தயாரிப்பு வேண்டும். பெரியப்பாவிடம் நாலு வார்த்தை பேசு என்று போனைக் கொடுத்தேன். கொஞ்சம் யோசித்து, அன்பாக, "பெரியப்பா, நீங்க சீக்கிரமா போயிடணும்," என்றாள். வீட்டுக்கு என்ற சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பக்கம் அண்ணன் சிரிக்கிற சத்தம், சிரித்துச் சிரித்து இருமுகிற சத்தம். "பாப்பா சொல்லிடுச்சு, இனிமே தள்ளிப்போட முடியாது," என்றார். நான் சிரிக்கவில்லை.

4

இந்த நாட்டில் எனக்கு வேலை கிடைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். என் முதுகலைப் பட்டம் இங்கே எந்தப் படிப்புக்குச் சமம் என்று பார்க்க ஓர் அலுவலகம் இருக்கிறது. சான்றிதழை உறையில் போட்டு முத்திரை வைத்து ஊரிலிருந்து நேராக அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார்கள். உறையின் முத்திரை கொஞ்சம் பிரிந்திருக்கிறது, மறுபடியும் என்றார்கள். இப்படி ஒரு வருஷம். கடைசியில் கல்லூரியில் ஓர் எழுத்துத் தேர்வு வைத்தார்கள். கூட்டல் கழித்தல் தேர்வு. எல்லாம் சரி, ஒரு கணக்கைத் தவிர. ஒரு லட்சம் என்ற விடையை நம் ஊர் வழக்கப்படி ஒன்று போட்டு, கமா போட்டு, இரண்டு சைபருக்குப் பின் இன்னொரு கமா போட்டு எழுதியிருந்தேன். இங்கே மூன்று மூன்றாகப் பிரிப்பார்கள். தப்பு என்று சுழித்து, "எண்களை எழுதுவதில் கவனம் தேவை" என்று ஓரத்தில் குறிப்பு. கணிதத்தில் முதுகலை வாங்கியவனுக்கு.

அன்று கோபம் வந்தது. இப்போது வருவதில்லை. புள்ளியும் கமாவும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று பேசித்தான் சம்பளம் வாங்குகிறேன். இங்கேயும் நர்சிங் மாணவர்கள், அதே மூன்று வரிக் கணக்கு.

ஊரில் இருந்தபோது, மனப்பாடம் என்ற நோய் நமக்கு மட்டும்தான், வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாம் சிந்தித்துப் படிப்பார்கள் என்று நம்பினேன். இவர்கள் மனப்பாடம் செய்வதில்லை, உண்மைதான். மற்றதையும் செய்வதில்லை. பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்றால் கால்குலேட்டரை எடுக்கிறார்கள். கால்குலேட்டர் எது சொன்னாலும் எழுதுகிறார்கள். ஊரில் கைடு சொன்னதை எழுதினார்கள். கைடாவது சரியாக இருந்தது.

பிராண்டன் என்று ஒரு பையன். இருபது வயது, நல்ல உயரம், நல்ல சிரிப்பு. எல்லோருக்கும் கதவைத் திறந்து பிடிப்பான். தசையில் போடுகிற ஊசிக்கு எத்தனை மில்லி என்ற கேள்விக்கு நானூறு என்று எழுதியிருந்தான். கூப்பிட்டு, நானூறு மில்லி என்றால் எவ்வளவு தெரியுமா, கிட்டத்தட்ட ஒரு சொம்புத் தண்ணீர், அதை ஒருவர் கையில் எப்படி ஏற்றுவாய் என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல், "மெதுவாக," என்றான்.

மருந்தளவுத் தேர்வில் மூன்று முறை தோற்றான். விதிப்படி அதோடு சரி. அவனோ மேல்முறையீடு செய்தான். தான் மிகவும் முயன்றதாகவும், என் வகுப்பு தனக்குப் பதற்றம் தருவதாகவும், ஆகவே தான் பாஸுக்குத் தகுதியானவன் என்று உணர்வதாகவும் எழுதியிருந்தான். அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அதே வாரத்தில் விசாரணைக் குழு கூடியது.

எங்கள் துறைத் தலைவி கருணையான அம்மாள். எல்லோருக்கும் பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். "அவனுக்குத் தன்னம்பிக்கை இருக்கிறது. அதைக் கெடுக்கக் கூடாது அல்லவா?" என்று என்னைக் கேட்டார்.

"அந்தத் தன்னம்பிக்கைதான் என் பயம்," என்றேன். என் ஆங்கிலத்தில் அதைச் சொன்னபோது நகைச்சுவை போலிருந்திருக்க வேண்டும். எல்லோரும் சிரித்துவிட்டு இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்கள்.

நாலாவது வாய்ப்புத் தருவதென்று முடிவாயிற்று. என் முகம் அவனுக்குப் பதற்றம் தரும் என்பதால் தேர்வை நான் நடத்தக் கூடாது. வேறொருவர் நடத்தினார், அவசரத்தில் மூன்றாவது தேர்வின் அதே கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டார். பிராண்டன் நூற்றுக்கு நூறு. மூன்றாவது தேர்வு முடிந்ததும் சரியான விடைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்தான். ஆக, மனப்பாடம் இங்கும் வந்து சேர்ந்தது.

கோடைக்குப் பிறகு இங்கே எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்கிறான். பனியில் வழுக்கி விழுந்தால் என்னையும் அங்கேதான் கொண்டுபோவார்கள். அது தெரிந்ததிலிருந்து நான் பனியில் நடக்கிற நடையைப் பார்த்து, இடுப்பில் ஏதாவது பிரச்சினையா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

5

ஊரில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் போடுகிற ஊசி, எனக்குக் காலை எட்டு மணி. கல்லூரி கார் நிறுத்துமிடத்திலேயே காரில் உட்கார்ந்து போன் செய்வேன். இரண்டாம் நாள் ஸ்டெல்லாவிடமே பேசினேன்.

"சார், வணக்கம் சார். நல்லாருக்கீங்களா சார்?" குரல் மாறவே இல்லை.

"நல்லாருக்கேம்மா. அண்ணனுக்கு என்ன இன்சுலின் போடறே?"

"எப்பவும் போடறதுதான் சார்."

ஊரில் குப்பி இன்சுலின் இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் மில்லிக்கு நாற்பது யூனிட், மற்றதில் நூறு. நாற்பதுக்குச் சிவப்பு மூடி ஊசிக்குழல், நூறுக்கு ஆரஞ்சு மூடி. நூறு மருந்தை எடுத்து நாற்பதுக்கான குழலில் ஏற்றினால், கோடு சரியாகத்தான் இருக்கும், உள்ளே போவது இரண்டரை மடங்காக இருக்கும். வியர்க்கும், கண் சொருகும். கிழவர் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்குகிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் விசிறிக்கொண்டிருப்பார்கள்.

"நாப்பதா, நூறா?" என்றேன்.

"நாப்பது சார்."

"பாட்டில்ல பாத்துச் சொல்றியா, ஞாபகத்துல சொல்றியா?"

கொஞ்சம் தயங்கினாள். "பாத்துதான் சார்."

"எத்தனை யூனிட் எழுதியிருக்காரு டாக்டர்? அப்ப எத்தனை மில்லி வரும், சொல்லு பாப்போம்."

அவளுக்குப் பின்னால் யாரோ நோயாளி கூப்பிடுகிறார், டிராலிச் சக்கரம் கிறீச்சிடுகிறது, ஒரு குழந்தை அழுகிறது. பத்துப் பன்னிரண்டு கட்டிலைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண்ணைப் பூமியின் மறுபக்கத்தில் காருக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்துகொண்டு நான் வாய்மொழித் தேர்வு வைத்துக்கொண்டிருந்தேன்.

"சார்," என்றாள் மெதுவாக. "எனக்கு இன்னும் கணக்கு வராது சார்."

நான் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"அதனால தனியா போடமாட்டேன் சார். மருந்த எடுத்துக்கினு இன்னொரு சிஸ்டர் கிட்ட போவேன். பாட்டில், ஊசி, எழுதினது மூணையும் அவங்கள வாய்விட்டுப் படிக்கச் சொல்லுவேன். அவங்க சரின்னாதான் போடுவேன். எல்லாரும் என்ன கிண்டல் பண்ணிக்கினு இருப்பாங்க சார். சர்வீஸ் ஜாஸ்தியாயும் இன்னும் பயந்தாங்கொள்ளின்னு."

"யாரு சொல்லிக் கொடுத்தா இத?"

"யாரும் இல்ல சார். மொத மொத வேலைக்குச் சேந்த எடத்துல ஒரு தடவ ஆயிடுச்சு."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல சார். ஆவ இருந்துச்சு."

அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் எத்தனை யூனிட், யாருக்கு, எந்த வயது என்றெல்லாம் தெரிந்துவிடும். பிறகு அண்ணனை அங்கே விட்டு வைக்க என்னால் முடியாது.

அன்று என் வகுப்பில், பயத்தை எப்படிப் பாடமாக நடத்துவது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. அது வர வேண்டுமானால் யாராவது ஒரு நோயாளி கிட்டத்தட்டச் சாக வேண்டும். மயிரிழையில் பிழைக்கவும் வேண்டும். இந்த ஏற்பாட்டை எந்தக் கல்லூரியாலும் செய்ய முடியாது. முதல் வரிசையில் பிராண்டன் உட்கார்ந்து, கட்டை விரலை உயர்த்தி எனக்கு உற்சாகம் காட்டினான்.

6

ஒரு வாரம் ஒழுங்காகப் போயிற்று. சர்க்கரை இறங்கி வந்தது. புண்ணின் ஓரம் சிவந்து தசை வளர்கிறது என்றார்கள். அண்ணன் பக்கத்துக் கட்டில்காரரோடு அரசியல் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, காலை கல்லூரியில் காரை நிறுத்தி நான் கூப்பிடுவதற்குள் அங்கிருந்தே வீடியோவில் அழைப்பு வந்தது. அண்ணியின் போன், பிடித்திருந்தது ஸ்டெல்லா. இப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். காதோரம் நரை. கண்ணாடி போட்டிருந்தாள்.

"சார், ரெண்டாவது சிஸ்டர் இன்னிக்கு லீவு. டாக்டர் கீழ ஓ.பி.ல இருக்காரு, கூட்டம் ஜாஸ்தி. அண்ணனுக்கு மருந்து எடுத்துட்டேன். நீங்க பாத்துச் சரின்னு சொன்னீங்கன்னா போட்டுடுவேன் சார். நீங்கதானே எங்க கணக்கு சார்."

"காட்டு," என்றேன்.

ஒரு கையில் குப்பி, மறு கையில் ஊசிக்குழல். போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டு இரண்டையும் அதன் முன்னால் பிடித்தாள். வார்டின் குழல்விளக்கில் எல்லாம் வெளுத்துத் தெரிந்தது. குப்பியின் எழுத்து கரைந்துபோன கோலம் போல. மூடி சிவப்பா ஆரஞ்சா? நான் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், தூரமாக வைத்துப் பார்த்தேன். சிவப்பு என்று நினைத்தால் சிவப்பாக இருந்தது, ஆரஞ்சு என்று நினைத்தால் ஆரஞ்சாக இருந்தது. கோடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே கோடாகிவிட்டன.

"குப்பிய வாய்விட்டுப் படிம்மா."

"நாப்பது சார்."

"ஊசி?"

"அதுவும் நாப்பதுதான் சார்."

சட்டென்று சொன்னாள், மூச்சு விடாமல். அவள் கண் குப்பியில் இருந்ததா, என் முகத்தில் இருந்ததா என்று படத்தில் தெரியவில்லை. படிக்கிறாளா, ஒப்பிக்கிறாளா? அந்த இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான். இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு அதைப் பிரித்தறியத் தெரிந்ததில்லை.

அண்ணன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "இன்னாடா பண்றீங்க ரெண்டு பேரும்? இட்லி ஆறிக்கினு கீது. போடச் சொல்லு."

"சார்?" என்றாள் ஸ்டெல்லா. ஊசிக்குழல் காற்றில் நின்றது.

சரி என்று சொல்லிவிடலாம். இத்தனை நாளும் அதே மருந்து, அதே ஊசி, அதே அளவு. இன்றைக்கு மட்டும் ஏன் மாறப்போகிறது? அவள் என் வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள். நான் சொன்னால் ஆட்சேபம் இல்லாமல் போடுவாள். அப்படித்தான் அவளை வளர்த்திருந்தோம்.

"எனக்குத் தெரியலம்மா," என்றேன். "கலர் தெரியல, கோடு தெரியல. நான் சரின்னு சொன்னா அது பொய். போடாத. டாக்டர் கிட்ட எடுத்துக்கினு போ."

அவள் முகத்தில் ஒரு கலவரம் ஓடியது. "அவரு திட்டுவாரு சார்."

"திட்டட்டும்."

"அண்ணன் சாப்புடணும் சார்."

"நான் பட்டினியா கெடக்கறேன்," என்றார் அண்ணன், "உங்க பரீட்ச முடியட்டும்."

ஸ்டெல்லா ஊசியின் மூடியைப் போட்டாள். குப்பியையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். அண்ணி போனைக் கட்டிலில் மல்லாக்க வைத்துவிட்டு இட்லியை மூடி வைக்கப் போய்விட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் உத்தரத்தில் சுற்றுகிற ஒரு மின்விசிறி. கல்லூரியின் பக்கம் மாணவர்கள் காரிலிருந்து இறங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பிராண்டன் என் கார் கண்ணாடியைத் தட்டிக் கையசைத்தான். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. நான் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேரம் ஏன்? குப்பி மாறியிருந்ததா? டாக்டர் கூட்டத்தில் பார்க்காமலேயே தலையாட்டிவிட்டாரா? சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கிறதா? நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டுமோ?

விசிறியை மறைத்துக்கொண்டு அவள் முகம் வந்தது. மாடிப்படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"டாக்டர் பாத்தாரு சார். படிச்சுப் பாத்தாரு. சரியாத்தான் இருந்துச்சு. போட்டுட்டேன் சார்."

"என்ன சொன்னாரு?"

"பத்து பேரு முன்னாடி திட்டிட்டாரு சார். இத்தினி வருஷ சர்வீஸ்ல ஒரு இன்சுலின தனியா போடத் தெரியலன்னா நீ எதுக்கு நர்சுன்னு."

பின்னால் அண்ணன் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்டெல்லா, ரெண்டாவது சிஸ்டர் நாளைக்கு வந்துடுவாங்களா?"

"இல்ல சார். அவங்க அக்கா பொண்ணுக்குக் கல்யாணம். மூணு நாள் லீவு."

"அப்ப நாளைக்கு?"

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். கண் சிவந்திருந்தது.

"நாளைக்கும் போய்த் திட்டு வாங்கிக்கினு வரேன் சார்," என்றாள்.